இரண்டு அப்பாக்களின் மகன்

அன்புள்ள ஐயா,

கோத்தகிரியில் ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள் நான். எங்கள் பழைய மாணவர்களின் வாட்ஸ்அப் குழுவில் இரண்டு வாரமாக ஒரு செய்தி சுற்றுகிறது. நீலகிரித் தோடர்கள் சுமேரியாவிலிருந்து வந்தவர்களாம். ஒரு கிரேக்க இளவரசரே நேரில் வந்து தங்கி ஆராய்ந்து அதை நிரூபித்துவிட்டாராம். சந்தேகப்பட்டுத் தேடினேன். 'கிரீஸ், டென்மார்க் இளவரசர் பீட்டர்' என்று ஒருவர் உண்மையிலேயே இருந்திருக்கிறார். அதற்கு மேல் ஒரே குழப்பம். ஒருவர் எப்படி இரண்டு நாட்டுக்கு இளவரசர்? அரண்மனையில் பிறந்தவருக்குத் தோடர் மந்தில், அவர்கள் குடியிருப்பில், என்ன வேலை? ஒரு பெண்ணுக்குப் பல கணவர் என்று கேள்விப்பட்டு வேடிக்கை பார்க்க வந்த இன்னொரு வெள்ளைக்காரர் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. என்னோடு வேலை பார்த்த தோடர் பெண்மணி ஒருவர், இந்தப் பேச்சை யாராவது எடுத்தாலே எழுந்து போய்விடுவார். உங்களுக்கு இவரைப் பற்றித் தெரியுமா?

எஸ்., கோத்தகிரி

அன்புள்ள எஸ்.,

வாட்ஸ்அப் செய்தியை முதலில் முடித்துவிடலாம். அவர் எதையும் நிரூபிக்கவில்லை. 1951இல் சென்னை அரசு அருங்காட்சியகத்தின் வெளியீட்டில் ஒரு கட்டுரை எழுதினார். தோடர் சடங்குகளில் சுமேரிய எச்சங்கள் இருக்கலாம் என்பது அதன் வாதம். தலைப்பிலேயே 'சாத்தியமான' என்றுதான் போட்டிருந்தார். அந்த ஒரு சொல்லை உங்கள் குழு தொலைத்துவிட்டது.

தோடர்களின் பால்மடக் கோயில்களில் (எருமைப் பால் வேலை நடக்கும் இடமே அவர்களுக்குக் கோயில்) பூசாரி ஓதும் மந்திரங்களில் வரும் சில பெயர்கள் சுமேரியத் தெய்வங்களின் பெயர்களைப் போல ஒலிக்கின்றன என்பதில்தான் அவர் தொடங்கினார். தோடர் வழிபாட்டு மொழி விசித்திரமானது. அதில் எருமைகளுக்கும் இடங்களுக்கும் கோயில்களுக்கும் அன்றாடப் பேச்சில் இல்லாத தனிப் புனிதப் பெயர்கள் உண்டு. மந்திரத்தில் பெரும்பகுதி அந்தப் பெயர்களின் அடுக்குதான். குட்டிக் குட்டியான பெயர்கள் வரிசையாக வரும்போது, எந்தப் பழைய மொழியின் அகராதியை எடுத்து உட்கார்ந்தாலும் நாலைந்து பொருந்தத்தான் செய்யும். தோடா மொழி திராவிட மொழி, தமிழுக்கும் கோத்தர் மொழிக்கும் உறவு என்பது அப்போதே தெரிந்த விஷயம். மொழியியலாளர் எமனோ 1930களிலேயே நீலகிரியில் ஆண்டுக்கணக்கில் இருந்து அதைப் பதிவுசெய்துகொண்டிருந்தார். ஆகவே சுமேரியாவை விட்டுவிடலாம்.

ஆனால் மனிதரை விட்டுவிட முடியவில்லை. வேடிக்கை பார்க்க வந்தவர் என்று எழுதியிருக்கிறீர்கள். அவர் எந்த வீட்டிலிருந்து கிளம்பி அந்த மந்துக்கு வந்தார் என்று தெரிந்தால் அப்படிச் சொல்லத் தயங்குவீர்கள் என்று நினைக்கிறேன்.

இரண்டு நாட்டுக் கணக்கு எளிது. 1862இல் கிரேக்கர்கள் தங்கள் ராஜாவை விரட்டிவிட்டார்கள். அவர் பவேரியாக்காரர். அடுத்த ராஜாவையும் வெளியூரிலிருந்துதான் கொண்டுவந்தார்கள்: டென்மார்க் அரச குடும்பத்துப் பதினேழு வயதுப் பையன். அவர்தான் முதலாம் ஜார்ஜ். அவருடைய வாரிசுகள் எல்லாரும் கிரீஸுக்கும் இளவரசர்கள், பிறந்த குடும்பம் டென்மார்க் என்பதால் அங்கும் இளவரசர்கள். முதலாம் ஜார்ஜின் இரண்டாவது மகன் இன்னொரு ஜார்ஜ், அவருடைய மகன் பீட்டர். ஜார்ஜின் தம்பி ஆண்ட்ரூவின் மகன்தான் இங்கிலாந்து ராணி எலிசபெத்தின் கணவர் பிலிப். பிலிப்புக்குப் பீட்டர் பெரியப்பா மகன்.

அப்பா ஜார்ஜ் நல்ல உயரம், கடற்படைக்காரர். 1891இல் ரஷ்யப் பட்டத்து இளவரசர் நிக்கோலஸுடன் கிழக்கே கப்பல் பயணம் போனார். ஜப்பானில் ஓட்சு என்ற ஊரில் காவலுக்கு நின்ற போலீஸ்காரரே நிக்கோலஸை வாளால் வெட்ட, ஜார்ஜ் தன் கைத்தடியால் அடித்துத் தடுத்தார். அப்புறம் கிரீட் தீவின் ஆணையராக இருந்து, அங்கத்திய அரசியல் தலைவர் வெனிசெலோஸோடு மோதி, 1906இல் பதவியை விட்டார். அடுத்த ஆண்டு மேரி போனபார்ட்டைக் கல்யாணம் செய்துகொண்டார்.

மேரியைப் பற்றிக் கொஞ்சம் நீட்டித்தான் சொல்ல வேண்டும். நெப்போலியனின் தம்பி லூசியனின் கொள்ளுப்பேத்தி. ஆனால் சொத்து வந்தது அந்த வழியில் இல்லை. அம்மா வழித் தாத்தா பிரான்சுவா பிளாங்க், மான்டி கார்லோ சூதாட்ட விடுதியை உலகப் புகழுக்குக் கொண்டுவந்தவர். மேரி பிறந்து ஒரு மாதத்தில் அம்மா இறந்துபோனார், அம்மாவின் பங்குச் சூதாட்டப் பணம் குழந்தைக்கு வந்தது. அப்பா ரோலன் போனபார்ட் புவியியல், மானுடவியல் பித்து பிடித்தவர். லாப்லாந்து வரைக்கும் போய் சாமி இன மக்களைப் புகைப்படம் எடுத்தார். ஐரோப்பாவுக்குக் கண்காட்சிக்காகக் கூட்டிவரப்பட்ட பழங்குடி மக்களையும் முன்னாலிருந்தும் பக்கவாட்டிலும் நிற்கவைத்துப் படம் எடுத்துச் சேர்த்தார். பீட்டரின் ரத்தத்தில் மானுடவியல் எங்கிருந்து வந்தது என்று கேட்டால், அந்தப் பெருமையும் அந்தக் கறையும் இந்தத் தாத்தாவிடமிருந்துதான்.

கல்யாணம் ஆனதுமே மேரிக்கு ஒன்று புரிந்துவிட்டது. கணவருக்கு இந்த உலகத்தில் நெருக்கமானவர் அவருடைய சித்தப்பா, டென்மார்க் இளவரசர் வால்டெமார். ஜார்ஜைப் பதினான்கு வயதில் கடற்படைப் பயிற்சிக்காக டென்மார்க்கில் கொண்டுபோய் விட்டார்கள். வீட்டைப் பிரிந்து தவித்த பையனுக்குப் பதினொரு வயது மூத்த சித்தப்பாதான் எல்லாமும். அந்த ஒட்டுதல் கடைசிவரை போகவில்லை. ஆண்டுதோறும் குடும்பத்தோடு டென்மார்க் போவதும், பிரியும்போது ஜார்ஜ் அழுவதும், வால்டெமார் உடம்புக்கு முடியாமல் படுப்பதும் வழக்கம். மேரி பொறுத்துக்கொள்ளக் கற்றுக்கொண்டார். தனக்கும் வெளியே காதல்கள் வைத்துக்கொண்டார். பலமுறை பிரெஞ்சுப் பிரதமராக இருந்த அரிஸ்டீட் பிரியான் அவர்களில் ஒருவர்.

1908 டிசம்பரில் பாரிஸில் பீட்டர் பிறந்தார், 1910இல் தங்கை யூஜெனி. உறவுமுறைப்படி வால்டெமார் இந்தக் குழந்தைகளுக்குச் சின்னத் தாத்தா. குழந்தைகள் கூப்பிட்டது 'இரண்டாவது அப்பா' என்று.

இதை இங்கே நிறுத்திவிட்டு 1925க்கு வருவோம். மேரி போனபார்ட் வியன்னாவுக்குப் போய், உளப்பகுப்பாய்வை உருவாக்கிய சிக்மண்ட் ஃபிராய்டைப் பார்க்கிறார். சிகிச்சைக்குப் போனவர் சீடராகிவிடுகிறார். ஃபிராய்டைப் பிரெஞ்சில் மொழிபெயர்த்தார், பிரான்சில் உளப்பகுப்பாய்வுச் சங்கம் உருவாகக் காரணமானார். 1938இல் நாஜிகள் வியன்னாவுக்குள் வந்தபோது, வெளியேறும் யூதர்கள் கட்ட வேண்டிய வரியைத் தன் கையிலிருந்து கட்டி ஃபிராய்டை மீட்டார். லண்டன் போகும் வழியில் ஃபிராய்ட் பாரிஸில் தங்கியது மேரியின் வீட்டில்தான். மான்டி கார்லோவில் தோற்றவர்களின் பணம் இப்படியெல்லாம் செலவாகியிருக்கிறது.

கெஸா ரோஹைம் என்ற ஹங்கேரியர் ஆஸ்திரேலியப் பழங்குடிகளிடம் போய் ஃபிராய்டின் கருத்துகளைச் சோதித்துப் பார்க்கவும் மேரிதான் பணம் கொடுத்தார். அந்தப் பயணத்துக்குப் பின்னால் ஒரு சண்டை இருந்தது. அப்பாவின் மேல் மகனுக்கு இருக்கும் மறைமுகப் பகை மனித இனம் முழுக்கப் பொதுவானது என்றார் ஃபிராய்ட். பசிபிக் கடலின் டிரோபிரியாண்ட் தீவுகளில் வாழ்ந்து திரும்பிய மானுடவியலாளர் மாலினோவ்ஸ்கி, அங்கே பையனை அதட்டுவது தாய்மாமன், அப்பா வெறும் விளையாட்டுத் தோழன், அந்த ஊரில் உங்கள் கோட்பாடு செல்லாது என்றார். பீட்டர் பாரிஸில் சட்டம் படித்து முடித்துவிட்டு, 1935இல் லண்டனுக்குப் போய் மாலினோவ்ஸ்கியிடம் மானுடவியல் படிக்கச் சேர்ந்தார். வீட்டில் அம்மா ஒரு கட்சி, வகுப்பில் ஆசிரியர் எதிர்க்கட்சி. நடுவில் இந்தப் பையன் எடுத்துக்கொண்ட கேள்வி: ஒரு குழந்தைக்கு ஒன்றுக்கு மேற்பட்ட அப்பாக்கள் இருக்கும் சமூகத்தில் என்ன நடக்கிறது?

'இரண்டாவது அப்பா'வை வைத்துத்தான் இந்தக் கேள்வி வந்தது என்று நான் சத்தியம் செய்ய மாட்டேன். ஆனால் அம்மாவின் தொழிலே இப்படி முடிச்சுப் போடுவதுதான் என்பதால், நானும் ஒன்று போட்டுக்கொள்கிறேன்.

1937இல் சிரியா, ஈரான் வழியாகத் தரைமார்க்கமாகவே இந்தியாவுக்குக் கிளம்பினார். கூடவே இரினா ஒவ்சினிக்கோவா என்ற ரஷ்யப் பெண். பீட்டரைவிட மூத்தவர், இரண்டு முறை விவாகரத்து ஆனவர், அரச குடும்பமும் இல்லை. லடாக், இலங்கையின் கண்டி, கேரளம், நீலகிரி என்று பல கணவர் மணம் இருந்த இடமெல்லாம் போனார்கள். 1939இல் தோடர்களிடம் வந்து சேர்ந்தார்.

இனி உங்கள் மனத்தாங்கலுக்கு வருகிறேன். 'ஒரு பெண்ணுக்குப் பல கணவர்' என்று ஊர் பேசுவதற்கும் தோடர்களிடம் இருந்ததற்கும் நிறைய தூரம். அண்ணன் ஒரு பெண்ணை மணந்தால் தம்பிகளும் அவளுக்குக் கணவர்கள், வீடும் எருமையும் பிரியாது. குழந்தை யாருக்கு என்பதை அவர்கள் ரத்தத்தில் தேடவில்லை. கருவுற்ற ஏழாம் மாதத்தில் ஒருவர் காட்டுக் குச்சியை வளைத்து, புல்லை அம்பாக வைத்து, ஒரு வில் செய்து அந்தப் பெண்ணிடம் கொடுப்பார். மரத்தில் குடைந்த பிறையில் ஏற்றிவைத்த விளக்குக்கு முன்னால் அவள் அந்த வில்லை வாங்கிக்கொள்வாள். வில் கொடுத்தவர் அப்பா. சகோதரர்கள் சேர்ந்து வாழும் வீட்டில் பெரும்பாலும் மூத்தவர் கொடுப்பார். அடுத்து வேறொருவர் வில் கொடுக்கும்வரை பிறக்கும் குழந்தைகள் எல்லாருக்கும் அவரே அப்பா. நடுவில் அவர் செத்துப்போனாலும், வேறு யாரும் வில் கொடுக்கவில்லை என்றால் அவர்தான். ரிவர்ஸ் என்ற ஆங்கிலேயர் 1906இலேயே இதையெல்லாம் எழுதிவிட்டார்.

எவ்வளவு தெளிவான சட்டம் பாருங்கள். ஊரறிய ஒரு சடங்கு, அதோடு வாரிசுப் பிரச்சினை முடிந்தது. நம் வருவாய் அலுவலகத்தில் வாரிசுச் சான்றிதழுக்கு அலைந்தவர்கள் இதை மெச்சுவார்கள். நான் ஏழு மாதம் அலைந்தேன். வில் கொடுக்கவும் தயாராகத்தான் இருந்தேன்.

பீட்டர் இதையெல்லாம் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டிருந்த அதே 1939இல், செப்டம்பர் மாதம், ஐரோப்பாவில் போர் தொடங்கியது. அந்த மாதமே பீட்டரும் இரினாவும் மெட்ராஸில் டென்மார்க் தூதரகத்தில் கல்யாணம் செய்துகொண்டார்கள். மெட்ராஸில் டென்மார்க்குக்கு என்ன வேலை என்று கேட்காதீர்கள், தரங்கம்பாடியில் 225 வருஷம் கோட்டை கட்டி உட்கார்ந்திருந்தவர்கள் அவர்கள்.

கிரேக்க அரச குடும்பத்தில் யாரும் ராஜாவின் சம்மதம் இல்லாமல் மணக்கக் கூடாது. பீட்டர் சம்மதம் வாங்கவில்லை, கேட்டிருந்தாலும் கிடைத்திருக்காது. அப்பா ஜார்ஜ் கடைசிவரை மருமகளைப் பார்க்கவே மறுத்துவிட்டார். உலகத்துக்கே காமத்தைப் பற்றி விளக்கம் சொன்ன அம்மாவுக்கும் இந்தக் கல்யாணம் பிடிக்கவில்லை. அதில் எனக்கு ஆச்சரியம் எதுவும் இல்லை. சீர்திருத்தத் திருமணத்துக்கு மேடையேறி வாழ்த்துரை சொல்லும் எத்தனை பேர் சொந்த வீட்டில் அதே முகத்தோடு இருக்கிறார்கள்?

யோசித்துப் பாருங்கள். தோடர்களிடம் போய் 'உங்களில் எது முறையான மணம், எந்தக் குழந்தை வாரிசு' என்று விசாரித்த மனிதர், அங்கிருந்து மெட்ராஸுக்கு வந்து, தன் இனக்குழுவின் சட்டப்படி முறையில்லாத ஒரு மணத்தைச் செய்துகொண்டு வாரிசுரிமையைத் தொலைத்தார். அவருடைய வீட்டுக்கும் ஒரு ரிவர்ஸ் வந்து குறிப்பெடுத்திருக்க வேண்டும்.

போர்க்காலத்தைச் சுருக்கிவிடுகிறேன். கிரேக்கப் படையில் அதிகாரியாக இருந்தார். 1941 மே மாதம் ஜெர்மானியர் கிரீட்டில் பாராசூட்டில் இறங்கியபோது, ராஜாவோடு மலைகளைத் தாண்டி நடந்து தெற்குக் கரையில் பிரிட்டிஷ் கப்பல் ஏறித் தப்பினார்.

போருக்குப் பின் மறுபடி நீலகிரி. அதற்கப்புறம் டேனிஷ் மத்திய ஆசியப் பயணக் குழுவில் சேர்ந்து 1950இலிருந்து மேற்கு வங்கத்து மலையூரான காலிம்பொங். திபெத்துக்குள் போக ஏழு வருஷம் காத்திருந்தார், அனுமதி கிடைக்கவே இல்லை. ஆனால் சீனப்படை நுழைந்த பிறகு திபெத்தியர்கள் காலிம்பொங்குக்கு வரத் தொடங்கினார்கள். அவர்களிடமிருந்து சுவடிகளும் ஆடைகளும் நகைகளும் வாங்கி கோபன்ஹேகனுக்கு அனுப்பினார். ஆயிரக்கணக்கான பேரின் தலையையும் மூக்கையும் அளந்தார். தாத்தா ரோலனின் பழக்கம் இங்கே மறுபடி தலைகாட்டுகிறது. இந்த அளவுகளால் யாருக்கும் பெரிய பயன் விளைந்ததாக எனக்குத் தெரியவில்லை. வாங்கிய பொருள்கள் மட்டும் இன்று கோபன்ஹேகனில் விலைமதிப்பில்லாத சேகரிப்பு. காலிம்பொங் பின்னாளில் நேருவே ஒற்றர்களின் கூடு என்று சொன்ன ஊர். சீனாவோடு உறவைப் பேணிக்கொண்டிருந்த அரசுக்கு, எல்லையில் உட்கார்ந்து அகதிகளோடு பேசும் ஐரோப்பிய இளவரசர் ஒரு தொந்தரவு. வெளியேறச் சொன்னார்கள், 1957இல் கிளம்பினார்.

எல்லாவற்றையும் சேர்த்து 1963இல் ஹேக் நகரிலிருந்து ஒரு தடித்த ஆய்வு நூல் வந்தது. பல கணவர் மணம் பற்றி இன்றும் யாராவது எழுதினால் அதைத் தாண்டிப் போக முடியாது. கொடுமையான நிலம், குறைந்த சொத்து, பிரித்தால் யாருக்கும் மிஞ்சாது, அந்த நெருக்கடியில்தான் சகோதரர்கள் ஒரே குடும்பமாக நிற்கிறார்கள் என்கிறார். இது நல்ல கணிப்பு. அதோடு நிறுத்தியிருக்கலாம். இந்த மணத்துக்குள் ஆண்களிடையே மறைந்திருக்கும் ஒருபால் ஈர்ப்பும், கிட்டத்தட்ட ரத்த உறவுக்குள் நடக்கும் காமத்தின் சாயலும் இருக்கின்றன என்றும் சேர்த்தார். உங்களோடு வேலை பார்த்தவர் ஏன் எழுந்து போனார் என்பதற்கு இந்த ஒரு வரியே போதும். மந்தில் இருப்பவர்கள் யாரும் அவரிடம் அப்படிச் சொல்லவில்லை. பாரிஸில் அம்மாவின் சாய்வு நாற்காலிக்குப் பக்கத்தில் கற்றதைப் பெட்டியில் வைத்துத் தூக்கிக்கொண்டு வந்திருக்கிறார். பிரிய முடியாத இரண்டு ஆண்களையும் அவர்களுக்கு நடுவில் ஒரு மனைவியையும் பார்த்து வளர்ந்த பையன் அப்படி எழுதினான் என்பதை நினைக்கும்போது, கோபத்தோடு கொஞ்சம் இரக்கமும் வருகிறது.

வேடிக்கை பார்க்க வந்தவரா? இல்லை. ஏறக்குறைய இருபது வருஷ உழைப்பு அது. ஆனால் தோடர்களைப் பார்த்துக்கொண்டே வேறு யாரையோ பார்த்திருக்கிறார்.

மீதி இருப்பது பங்காளிச் சண்டை. கிரீஸில் அதுவரை குடும்பத்தில் ஆண் இருக்கும்போது பெண்ணுக்குப் பட்டம் இல்லை. ராஜா பால் காலத்தில், 1952 அரசியல் சட்டம் அதை மாற்றியது. 1964இல் பால் இறந்து மகன் கான்ஸ்டன்டைன் ராஜாவானார். அப்போது அவருக்குக் குழந்தை இல்லை. அக்கா சோபியா ஸ்பெயினில் வாழ்க்கைப்பட்டு உரிமையைத் துறந்துவிட்டார். தங்கை ஐரீன்தான் அடுத்த வாரிசு என்றார்கள். பழைய ஆண்வழி முறைப்படி பார்த்தால் அடுத்தது பீட்டர். அவர் வெளிப்படையாக எதிர்த்தார். சட்டத் திருத்தமே செல்லாது, வாரிசு நான்தான் என்றார். மெட்ராஸ் கல்யாணத்தைக் காட்டி அவர் வாயை அடைத்தார்கள். 1967இல் ராஜாவே நாட்டை விட்டு ஓடினார், 1974இல் மக்கள் வாக்களித்து முடியாட்சியையே முடித்துவிட்டார்கள். வாரிசு யார் என்ற கேள்விக்கு அப்புறம் வேலை இல்லை. பீட்டருக்கும் இரினாவுக்கும் குழந்தைகளும் இல்லை.

ஒரு விஷயம் மட்டும் என் மனதில் சுற்றிக்கொண்டே இருக்கிறது. நாட்டை இழந்த பிறகு பாலின் மனைவி ராணி பிரெடெரிகா தத்துவத்தில் ஆழ்ந்தார். காஞ்சிப் பெரியவரைச் சந்தித்தவர், பேராசிரியர் டி.எம்.பி. மகாதேவனிடம் அத்வைதம் கேட்டவர். மகளையும் கூட்டிக்கொண்டு வந்து நம் மெட்ராஸிலேயே வசித்தார். அந்த மகள் ஐரீன்தான். பீட்டருக்குப் பதிலாக வாரிசு என்று அறிவிக்கப்பட்ட பெண், பீட்டர் வாரிசுரிமையைத் தொலைத்த ஊரில் வந்து குடியிருந்தார்.

பீட்டர் 1980 அக்டோபரில் லண்டனில் இறந்தார். ஏதென்ஸுக்கு வெளியே டாடோயில் அரச குடும்பத்துக் கல்லறைகள் இருக்கின்றன, அவருடைய அப்பாவும் அம்மாவும் அங்கேதான். பீட்டரை டென்மார்க்கில் லில்லே ஹெஸ்பியர்க் என்ற அவருடைய சொந்த நிலத்தில் புதைத்தார்கள்.

எழும்பூர் அருங்காட்சியகத்தின் அந்த 1951 வெளியீட்டை, அடுத்த முறை சென்னை வந்தால் அதே வளாகத்தில் இருக்கும் கன்னிமரா நூலகத்தில் கேட்டுப் பாருங்கள். கிடைத்தால் முதல் பக்கத்தை மட்டும் படம் எடுத்து உங்கள் குழுவில் போட்டுவிடுங்கள். அந்த 'சாத்தியமான' தெரிகிற மாதிரி.

அன்புடன்.